விளக்கடியில் எத்தனை புழு

செப்டம்பர் 1

என் வீட்டுக்காரர் நோட்டில்தான் எழுதுகிறேன். பாதிக்கு மேல் வெற்றுத்தாளாகக் கிடக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். யார் பார்க்கப் போகிறார்கள்.

காலையில் புல்வெளியைக் கூட்டினேன். விளக்குக் கம்பத்துப் பக்கம் துடைப்பத்தோடு புல்லும் வந்தது. கையால் பிடித்து இழுத்தேன், பாய் மாதிரிச் சுருண்டது. அடியில் வேரே இல்லை. வெள்ளைப் புழுக்கள் வளைந்து படுத்திருந்தன.

செப்டம்பர் 2

மேனேஜர் பார்த்துவிட்டார். கால் முறிந்தவர்கள் தேறிவரும் ஆஸ்பத்திரி இது. காலையில் நர்ஸ்கள் அவர்களை இந்தப் புல்லில்தான் வெறுங்காலோடு நடத்திப் பழக்குகிறார்கள்.

"புல் கையோட வருது. வழுக்கி ஒருத்தர் விழுந்தா யாரும்மா பதில் சொல்றது? மருந்து அடிங்க. இல்லேன்னா பிளாஸ்டிக் புல் விரிச்சிடுவேன். அக்டோபர் முடியறவரைக்கும் பாக்கறேன்."

என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருஷம் இந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டார். ஒரு சொட்டு மருந்து விட்டதில்லை. "புண் ஆறாத காலை வச்சு நடக்கறாங்க, அதுல போய் விஷத்தையா ஊத்தறது" என்பார். அவர் போனபிறகு வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நான் மூன்று மாதத்தில் இப்படி ஆக்கி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 4

கொழுந்தன் வந்தான். புல்லுக்கு மருந்தடிக்கிற கம்பெனியில் இருக்கிறான்.

"ஒரு டேங்க் போதும் அண்ணி. புழு, மண்புழு எல்லாம் காலி."

"மண்புழு என்னடா பண்ணுச்சு?"

"மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாதுண்ணி."

அண்ணனும் தம்பியும் எப்போது பார்த்தாலும் இதே சண்டைதான். அவர் இவனைக் கொலைகாரன் என்பார். இவன் அவரைப் புழுவுக்குக் கணக்குப்பிள்ளை என்பான். நானும் இவன் பக்கம் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அப்போது நன்றாகத்தான் இருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 7

நோட்டை முதலிலிருந்து படித்தேன். நாளுக்கு ஒரு வரி. 'விளக்கு அணைத்தேன். புழு 4. விட்டேன்.' இன்னொரு நாள், 'புழு 11. காலையில் திறந்து வைத்தேன். மைனா வந்தது.'

அவர் செய்வது கண்ணில் நிற்கிறது. ஒரு அடிச் சதுரத்துக்கு மூன்று பக்கம் மண்வெட்டியால் கீறி, புல்லைப் போர்வை மாதிரி மடித்துத் தூக்குவார். புழுவை எண்ணுவார். ஐந்துக்குக் கீழே என்றால் புல்லே தாங்கிக்கொள்ளும் என்று மூடிவிடுவார். பத்தைத் தாண்டினால் காலையில் கொஞ்ச நேரம் திறந்து வைப்பார், மைனா கொத்திப்போகும். வேர் காய்வதற்குள் மூடி, மிதித்து, தண்ணீர் விடுவார்.

மே, ஜூன், ஜூலை மட்டும் தினமும் 'விளக்கு அணைத்தேன்'. மற்ற மாதங்களில் அந்தச் சொல்லே இல்லை. ஏன்?

செப்டம்பர் 8

பாத்திரம் தேய்க்கும்போது பொறி தட்டியது. வண்டு.

மழை தொடங்கினால் வண்டுகள் விளக்கைச் சுற்ற வரும். அடியில் இருக்கிற புல்லில் முட்டையிடும். அதற்காகத்தான் அணைத்திருக்கிறார். அதற்கும் சண்டை போட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரியில் துணி வேலை முடித்து, இருட்டில் புல்லைத் தாண்டி நான் எப்படி வீடு வந்து சேர்வது என்று. "விளக்கு போட்டுக் கூப்பிட்டா வண்டு தனியா வராதுடி, குடும்பத்தோட வரும்" என்று சிரிப்பார்.

அவர் போனதிலிருந்து ஒரு நாள்கூட நான் விளக்கை அணைக்கவில்லை. மூன்று மாதமும் விடிய விடிய எரிந்தது. காய்ந்த புல்லும் சரியாக விளக்கைச் சுற்றித்தான், வட்டமாக.

நான்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 9

விளக்கை அணைத்தேன். இனி அணைத்து என்ன.

செப்டம்பர் 13

எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் மட்டும் மறக்கவா போகிறது.

நோட்டில் அவருடைய கடைசி வரி மே 30. 'விளக்கு அணைத்தேன். புழு' — அதோடு நிற்கிறது. எண் இல்லை. எண்ணுவதற்கு முன்பே வரியை எழுதி வைத்துவிடுவார்.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம். நான் வார்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றார். "குனிஞ்சா தலை சுத்துது. நான் தூக்கறேன், நீ எண்ணு. ரெண்டே நிமிஷம்." புழு எண்ணத்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்களா, போங்க அந்தப் பக்கம் — இதுதான் நான் சொன்னது. சிரித்துக்கொண்டே போனார்.

நடுவில் ஒரு தடவை ஜன்னல் வழியே பார்த்தேன். இருட்டு. ஒன்றும் தெரியவில்லை. சாமான் அறையில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து வாட்ச்மேன் கால் தடுக்கித்தான் பார்த்திருக்கிறார். மடித்த புல் பக்கத்திலேயே குப்புறக் கிடந்தாராம்.

விளக்கு எரிந்திருந்தால் பார்த்திருப்பேனே என்று அன்றிலிருந்து அணைக்கவே இல்லை. கூடப் போயிருந்தால் விளக்கு எதற்கு? ரெண்டு நிமிஷம்தானே கேட்டார். அந்தத் துணி எங்கே ஓடிப்போகுது?

செப்டம்பர் 20

கொழுந்தன் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். மேனேஜர் கூப்பிட்டாராம். இறக்கி வைக்கச் சொன்னேன்.

"நீ தூக்கு தம்பி, நான் எண்ணறேன்."

"எங்க முதலாளி பாத்தா என்னைத் தூக்கிடுவாருண்ணி" என்றான். ஆனாலும் மண்வெட்டியை எடுத்தான்.

முதல் சதுரம் பதினேழு. அடுத்தது இருபத்து மூன்று. திறந்து வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தோம். முதலில் ஒரு மைனா, பிறகு ஐந்தாறு. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன வருஷம் என்னையும் எண்ணக் கூப்பிட்டாருண்ணி. நான் கேலி பண்ணிட்டுப் போயிட்டேன்."

டேங்கை அப்படியே தூக்கிக்கொண்டு போனான்.

அக்டோபர் 6

கையாலும் பொறுக்குகிறேன். இன்று மட்டும் அரை வாளி. முதுகு விட்டுப்போகிறது. தலை சுற்றலோடு இதை எப்படித்தான் செய்தாரோ.

அக்டோபர் 18

ஓரத்தில் புல் பிடித்துவிட்டது, இழுத்தால் வரவில்லை. விளக்கடியில் போட்ட விதை மட்டும் முளைக்கவில்லை.

அக்டோபர் 31

மேனேஜர் காலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். மற்ற இடம் இருக்கட்டும் என்றார். விளக்கைச் சுற்றிப் பன்னிரண்டு அடிக்குப் பிளாஸ்டிக் விரித்துவிட்டார்கள். என் தப்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. அவர் விழுந்த இடமும் அதற்குள்தான்.

தண்ணீர் கேட்காது, வளராது. தினமும் கூட்டுகிறேன்.

மே 30

நேற்று மழை தொடங்கியது. பொழுது சாய்கிறபோது கொழுந்தன் வந்தான், கேட்காமலே மண்வெட்டியை எடுத்தான். பிளாஸ்டிக்கின் ஓரத்தை ஒட்டிக் கீறினோம்.

திரும்பும்போது நல்ல இருட்டு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புல்லைக் காலால் தடவியே வீடு வந்தேன்.

போன வருஷ வரியில் எண் போடவில்லை. அது எத்தனை என்று எனக்குத் தெரியாது.

விளக்கு அணைத்தேன். புழு 3. விட்டேன்.