முருகேசன் குடிக்காத தண்ணீர்

1972 பங்குனி, ஞாயிறு இரவு

இன்று திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை வரை தொடர் ஓட்டப் போட்டி. எங்கள் அணியில் நண்பர்கள் நான்கு பேர். மூன்றாவது ஆள் நான். கடைசி மூன்று மைல் முருகேசனுக்கு.

எல்லாருக்கும் முந்தி நான்தான் கட்டை மாற்றும் மைல்கல்லுக்கு வந்தேன். முருகேசனைக் காணோம். கையில் கட்டையோடு நின்று அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன். அதற்குள் அடுத்த அணிக்காரன் என்னைக் கடந்து போய்விட்டான். பிறகுதான் சாலையோரக் கிணற்றுப் பக்கமிருந்து முருகேசன் ஓடி வந்தான்.

"ஏலே, எங்கலே போய்த் தொலைஞ்ச? ஒன்னால எல்லாம் போச்சு!" என்று அத்தனை பேர் முன்னாலும் திட்டிவிட்டேன். அவன் கட்டையை வாங்கிக்கொண்டு ஓடினான்.

தாகம் தாங்காமல் நானும் அந்தக் கிணற்றுக்குப் போனேன். நானே வாளியை விட்டு இறைத்து வயிறு முட்டக் குடித்தேன். அங்கிருந்த ஒருவர் கேட்டார்: "அந்தப் பய ஒன் கூட்டாளியா தம்பி? அவன் ஆளுக வாளியத் தொடக் கூடாதுல்ல. ஊத்த ஆள் வரட்டும், நில்லுன்னேன். நீ கத்தவும் குடிக்காமலே ஓடிட்டான்."

நான் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாளியை வைத்துவிட்டு வந்தேன்.

அந்த வெயிலில் நாக்கு வறண்டு மூன்று மைல் ஓடியிருக்கிறான். பத்தடி வித்தியாசத்தில் கோப்பை போனது.

சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்தான். "என்னாலதாம்லே போச்சு. மனசுல வச்சுக்கிறாத" என்றான். கிணற்றைப் பற்றி அவன் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று நானும் சொல்லவில்லை.

கால் வலிக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.