ஓடுபாதைக்கு வலிக்காது

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பு எழுதுவது. நான் நலம். காதுக்கு வாங்கிய மெஷினை மாட்டிக்கொள்கிறீர்களா, இல்லை அது மேஜை டிராயரில் தூங்குகிறதா? போனில் உங்களோடு கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். கடிதமே சௌகரியம். வரிக்கு வரி "என்ன? என்ன?" என்று கேட்க மாட்டீர்கள்.

இப்போது தரையிறங்கப் பழகுகிறோம். விமானத்தை மேலே ஏற்றுவது சுலபம் அப்பா, இறக்குவதுதான் பெரும்பாடு. ஓடுபாதைக்கு முன்னால் ஒரு ஏரி. ஏரியின் முனையில் சிவப்புக் கூரை போட்ட படகுக் கொட்டகை. அது இடது இறக்கைக்குக் கீழே வந்ததும் திரும்ப வேண்டும். திரும்பி, வேகத்தைக் குறைத்து, கடைசி நொடியில் மூக்கைச் சற்றே தூக்க வேண்டும். நான் தூக்க மறந்து தொப்பென்று போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் கேப்டன் அம்மா முகத்தை மாற்றாமல், "பரவாயில்லை, ஓடுபாதைக்கு வலிக்காது" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வெயில் பளிச்சென்று இருந்தது. மேலேயிருந்து ஏரி ஒரு தட்டு மாதிரி தெரிந்தது. நீங்கள் பார்க்க வேண்டும்.

பட்டறையில் காதில் பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்கள். மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
பாப்பு


பிப்ரவரி 20

அன்புக் கண்ணு பாப்புவுக்கு,

அப்பா ஆசீர்வாதம். கடிதம் கிடைத்தது. படித்து முடித்ததும் நேரே இஸ்திரிக் கடைக்குப் போய் உரக்கப் படித்துக் காட்டினேன். கடைக்காரர் பெட்டியைச் சட்டைமேலேயே வைத்துவிட்டுக் கேட்டார். நல்லவேளை, என் சட்டைதான். தெருவில் இப்போது உனக்குப் பைலட்டம்மா என்று பெயர். "பைலட்டம்மா எப்ப வர்றாங்க?" என்று பால் போடுகிறவர்கூடக் கேட்கிறார்.

எனக்கு ஒரே ஒரு குறை. நீ எழுதுவதில் பாதி எனக்குப் புரியவில்லை. மூக்கைத் தூக்குவது என்றால் எவ்வளவு? இடது இறக்கைக்குக் கீழே கொட்டகை வந்தது உனக்கு எப்படித் தெரியும், தலையை வெளியே நீட்டுவாயா? உன் மாமாவிடம் கேட்டேன். அவன் கடையில் ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்காத கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டு, ஒரு கைப்பிடியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். விளையாட்டுக்குள்ளேயே பாடம் இருக்கிறதாம். ஒன்றாம் பாடம், இரண்டாம் பாடம் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுக்குமாம். அது பேசுவது திரையின் அடியில் எழுத்தாகவும் ஓடும், செவிடனுக்கும் கவலையில்லை. புரியாத இங்கிலீஷுக்கு மாமா இருக்கிறான்.

நீ வருவதற்குள் அப்பாவும் பாதி பைலட் ஆகிவிடுவேன் பார். உன் அம்மா இருந்திருந்தால் இரண்டு பேரையும் முதலில் தரைக்கு இறங்கிச் சாப்பிட வரச் சொல்லியிருப்பாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
அப்பா


மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்த விளையாட்டெல்லாம் உங்களுக்கு எதற்கு அப்பா? பட்டறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து திரையைப் பார்த்தால் கண்ணும் கெட்டுப்போகும். அதில் வருவதும் நிஜமும் ஒன்று இல்லை. மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் புரியாததை என்னிடம் கேளுங்கள், நான் எழுதுகிறேன்.

வேலை அதிகம். படிப்பைச் சொல்கிறேன். பிறகு விவரமாக எழுதுகிறேன்.

பாப்பு


ஏப்ரல் 2

அன்புக் கண்ணு பாப்புவுக்கு,

திருப்பிக் கொடுப்பதா? கேள் இந்தக் கூத்தை.

முதல் பாடத்தில் நேராகப் போகச் சொன்னார்கள். நான் போனது பாம்பு போனதுபோல. இரண்டாவதில் திரும்பச் சொன்னார்கள், திரும்பித் திரும்பித் தலைகீழாகிவிட்டேன். உன் மாமா நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தான். தட்டுத் தடுமாறி இறங்கும் பாடத்துக்கு வந்தேன். எதிரே ஏரி. ஏரி முனையில் என்ன தெரியுமா? சிவப்புக் கூரை போட்ட படகுக் கொட்டகை! கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். "டேய், பாப்பு பள்ளிக்கூடம்டா!" என்று கத்தினேன். விமானம் அதன் போக்கில் போய் ஏரிக்குள் இறங்கியது.

மறுபடி முயன்றேன். தொப்பென்று போட்டேன். உடனே அடியில் எழுத்து ஓடியது. மாமா படித்துச் சொன்னான்: "பரவாயில்லை, ஓடுபாதைக்கு வலிக்காது." உங்கள் கேப்டன் அம்மா சொன்ன அதே வார்த்தை! உலகத்தில் இத்தனை பள்ளிக்கூடம் இருக்க, இந்த விளையாட்டைச் செய்தவர்கள் உன் பள்ளிக்கூடத்துக்கல்லவா வந்து பார்த்து எழுதிப்போயிருக்கிறார்கள்! அந்த அம்மாவிடம் சொன்னாயானால் சந்தோஷப்படுவார்.

நீ ஓட்டிய இடத்தில்தான் நானும் ஓட்டுகிறேன் என்று நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது. மாமாதான் ஏனோ பேசாமல் இருந்தான். பொறாமையாக இருக்கும்.

உடனே பதில் எழுது.

உன்
அப்பா


மே 19

அன்புள்ள பாப்பு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உன் மாமாவைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான்: "அத்தான், இது எந்த ஊரும் இல்ல. கம்பெனிக்காரன் வரைஞ்சது. அந்தக் கொட்டகை உலகத்துல எங்கயும் கிடையாது. அந்தம்மாவும் கிடையாது." அவனை அறையப் போனேன். அவன் என் கையைத் தடுக்கவில்லை. அதனால்தான் நம்பினேன்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு படித்தேன். நீ எழுதிய எந்தக் கடிதத்திலும் மழை இல்லை பாப்பு. இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட மேகம் மூடவில்லை. எப்போதும் அதே வெயில். நான் பாடம் எடுக்கும்போதும் அதே வெயில்தான்.

நான் சந்தோஷமாக எழுதிய அந்தக் கடிதத்தை நீ எந்த முகத்தோடு படித்திருப்பாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

நீ எங்கே இருக்கிறாய்? என்ன செய்கிறாய்? அதை மட்டும் எழுது.

அப்பா


ஜூன் 8

அப்பா,

இதை எத்தனையோ முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

வந்த புதிதில் நிஜமாகவே ஒரே ஒரு முறை பறந்தேன். அன்றைக்கு மழை. சொல்லிக்கொடுத்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வாந்தி எடுத்தேன். அதை உங்களுக்கு எழுதவில்லை, அடுத்த முறை நன்றாகப் பறந்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன். அடுத்த முறை வரவில்லை. வகுப்பில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது நாக்கில் ரத்தம், ஈரமான உடை, சுற்றிலும் கால்கள். யாரோ தன் பையை என் தலைக்குக் கீழே வைத்திருந்தார். மறுவாரம் இன்னொரு முறை. டாக்டர் வலிப்பு என்றார். மாத்திரை போட்டால் கட்டுக்குள் இருக்கும், ஆனால் இனி விமானம் ஓட்ட அனுமதி கிடைக்காது என்றார். "கார்?" என்று கேட்டேன். அதையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்றார்.

ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். இயந்திரத்திலிருந்து சூடாக வரும் விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். எதிரே நிற்பவளின் அறையில்தான் தங்கியிருக்கிறேன், பள்ளி விடுதி என்று நான் கொடுத்த முகவரி அதுதான். அந்த விளையாட்டு அவள் தம்பி விட்டுப்போனது. வேலை விட்டு வந்ததும் அதன் முன்னால் உட்காருவேன். விரல் தீய்ந்திருந்தாலும் உட்காருவேன். அதில் வரும் கேப்டன் அம்மா என்னை எழுப்பி நிறுத்தி டாக்டரிடம் அனுப்பியதில்லை. எத்தனை முறை விழுந்தாலும் "மறுபடி தொடங்கலாமா?" என்றுதான் கேட்டார். முடித்த பாடத்தைத்தான் உங்களுக்கு எழுதினேன். எழுதும்போது பொய் என்று தோன்றவில்லை அப்பா.

எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டேன். முடித்தால் ஒரு சான்றிதழ் வரும், நம் பெயரை நாமே அடித்துக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பெயரை அடிக்க முடியவில்லை. அதன்பிறகு அதைத் தொடவில்லை.

பாப்பு


ஜூன் 27

அன்புக் கண்ணு பாப்புவுக்கு,

ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துக்கொள். அப்பா ஒரு துளிகூட வருத்தப்படவில்லை. பொய்யாவது மெய்யாவது, எனக்கு நீ இருந்தால் போதும். உடனே புறப்பட்டு வா.

தெருவைப் பற்றிக் கவலைப்படாதே. நானே போய்ச் சொல்லிவிட்டேன். இஸ்திரிக் கடைக்காரர், "ஐயோ பாவம், பொண்ணை வரச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உன் அறையில் கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளிப்போட்டு, கீழே மெத்தை விரித்திருக்கிறேன். மேஜை முனைகளில் துணி சுற்றிவிட்டேன். அடுப்படிப் பக்கமே நீ வர வேண்டாம். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கம்ப்யூட்டரையும் தூக்கிக் கொடுத்தாயிற்று.

இதைப் பற்றி ஒரு பேச்சு எடுக்கமாட்டேன். சத்தியம்.

உன்
அப்பா


ஜூலை 22

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்தது அப்பா. எனக்கு நடந்தது.

நீங்கள் நன்றாகத் திட்டி எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அடுத்த நாளே டிக்கெட் எடுத்திருப்பேன். நீங்கள் மேஜை முனைக்குத் துணி சுற்றியிருக்கிறீர்கள். அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி வளைய வருவேன்? இனி நான் எதைச் செய்தாலும் உங்களுக்குக் கோபமே வராது. தட்டை உடைத்தாலும் வராது. தெருவில் பைலட்டம்மா போய், ஐயோ பாவம் வந்துவிட்டது. கடைக்காரர் நல்லவர்தான், எனக்குத் தெரியும்.

இங்கே நான் விரிப்பைக் கோணலாகப் பிடித்தால் எதிரே நிற்பவள் என்னைத் திட்டுவாள். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் இங்கும் ஒரு நாள் வேலையிடத்தில் விழுந்தேன். அவளும் இப்போது மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். அதனால் வேலையையும் அறையையும் மாற்றப்போகிறேன். யாருக்கும் என்னைத் தெரியாத இடமாகப் பார்க்கிறேன். முகவரி இப்போது எழுதவில்லை. தேடவேண்டாம். மாமாவையும் அனுப்பவேண்டாம்.

உங்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அதுதான் கஷ்டம்.

பாப்பு


செப்டம்பர் 14

ஏய் பாப்பு,

அன்புள்ளன்னு எல்லாம் போட மாட்டேன். நல்ல தமிழ்ல எழுதினா எனக்குத் திட்ட வரமாட்டேங்குது, அதனால வாயில வர்றதையே எழுதறேன். போன மாசம் போட்ட கடுதாசி திரும்பி வந்துடுச்சு. கவர்மேல உன் பேரை யாரோ கோடு போட்டு அடிச்சிருக்காங்க. அதைப் பார்த்துட்டு அன்னைக்குப் பட்டறைக்குப் போகல.

திட்டினா வந்திருப்பேன்னு சொன்னியே, இந்தா வாங்கிக்கோ. கழுதை. பிடிவாதக் கழுதை. என்னைத் தெருவுல நிக்கவச்சு உன் பொய்யை உரக்கப் படிக்க வச்சியேடி. வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் மூக்கைத் தூக்கறது எப்படின்னு கையால காட்டினேனே, எவ்வளவு பெரிய முட்டாளா நின்னிருக்கேன் நான்! அதுகூடப் போகட்டும். நாக்குல ரத்தத்தோட கிடந்திருக்கே. எந்திரிச்சதும் "அப்பா, விழுந்துட்டேன்"னு ஒரு வரி எழுதக் கை வரலையா உனக்கு? ஏரியும் வெயிலும் எழுத மட்டும் வந்துச்சா? நான் என்ன, நல்ல சேதி மட்டும் வாங்கிப் போட்டுக்கற பெட்டியா? இதுக்கு உன்னை மன்னிக்கல. ஒருத்துளி வருத்தமில்லைன்னு எழுதினது பொய். நீ சொன்னதைவிடப் பெரிய பொய்.

மேஜைத் துணியை எல்லாம் பிடுங்கிப் போட்டுட்டேன். நீ சமைக்கணும், தட்டைக் கழுவணும், உடைச்சா வாங்கிக் கட்டிக்கணும். மெத்தை மட்டும் கீழதான் இருக்கும். பிடிக்கலைன்னா சண்டை போடு. எனக்குத்தான் காது கேக்காதே, எவ்வளவு வேணா கத்தலாம்.

எங்க இருந்தாலும் குளிக்கறப்ப தாழ்ப்பாள் போடாதே. மாத்திரையை மறக்காதே. புது இடத்துல பக்கத்துல ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வை. சொல்லமாட்டே. தெரியும். சொல்லமாட்டே.

எனக்குத் திட்டத் தெரிஞ்சது இவ்வளவுதான். இதுக்குமேல யோசிச்சா அழுகை வருது, அது உனக்கு ஆகாது.

கவர்ல பழைய முகவரிதான் எழுதறேன். வேற எதுவும் எனக்குத் தெரியாது.

அப்பா