கல்லின் பின்பக்கம்

ப்ளூமிங்டன், ஐடஹோ
ஜூன் 1994

சகோதரர் டெலாய் ஹாட்ச் அவர்களுக்கு,

ராய்ஸின் அம்மா வெர்லா தார்னாக் எழுதுவது. கல்யாணக் களைப்பு தீர்ந்து லோகனில் குடித்தனம் ஆரம்பித்திருப்பீர்கள். இங்கே இன்னும் குளிர் விட்டபாடில்லை. ஏரிக்காற்று வீட்டையே தூக்கிக்கொண்டு போய்விடும்போல அடிக்கிறது. நட்ட தக்காளி நாற்றெல்லாம் போன வாரப் பனியில் கருகிவிட்டது. மற்றபடி குறையொன்றுமில்லை.

உங்கள் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, கேக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். செத்துப்போன மகனுடைய பெண்டாட்டியை இன்னொருவனுக்குக் கட்டிவைக்கும் இடத்தில் இந்தக் கிழவிக்கு என்ன வேலை என்று உங்கள் அண்ணிமார் குசுகுசுத்தது காதில் விழுந்தது. எனக்குக் காது நன்றாகவே கேட்கும். ஜனீல் சின்னப் பெண். வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் சிக்கி ராய்ஸ் போன பிறகு இரண்டு குளிர்காலம் என்னோடுதான் இருந்தாள். வேண்டும் என்றும் சொல்ல மாட்டாள், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டாள், அப்படியொரு பெண். கல்யாணம் செய்துகொள் என்று அவளை விரட்டியதே நான்தான். பால் வண்டி ஓட்டுகிறவர், முப்பத்து மூன்று வயதாகியும் ஒருத்தியும் சம்மதிக்கவில்லை, சபைக் கட்டுப்பாட்டை மீறிக் காப்பிகூடத் தொட்டதில்லை என்று உங்களைப் பற்றி பிஷப் சொன்னார். அப்படிப்பட்டவர் எதையும் தாங்கிக்கொள்வார் என்று எனக்குத் தோன்றியது.

ஒன்றை மட்டும் முதலிலேயே பேசிவிடுவது இருவருக்கும் நல்லது. ஜனீலும் ராய்ஸும் லோகன் கோவிலில், பீடத்தின் இரு பக்கமும் மண்டியிட்டு, இந்தக் காலத்துக்கும் இனி வரும் எல்லாக் காலத்துக்கும், செத்த பிறகும் கணவன் மனைவியாக முத்திரையிடப்பட்டவர்கள். உங்களுக்கு நடந்தது, கூடைப்பந்து வளையத்தில் காகிதப் பூச் சுற்றிய சபைக் கூடத்தில், சாவு வரைக்கும் என்று பிஷப் வாசித்த கல்யாணம். உயிரோடிருக்கும் பெண்ணுக்கு ஒரு முத்திரைதான். அவள் யாருக்குப் பெற்றாலும் பிள்ளைகளும் அந்த முத்திரைக்குள்தான் பிறப்பார்கள், மேலே போனால் ராய்ஸின் பிள்ளைகள்தான். இது நான் போட்ட சட்டமில்லை.

துக்க வீட்டுக்கு உருளைக்கிழங்கு சமைத்து அனுப்பும்போது பாத்திரத்தின் அடியில் பேரெழுதி ஒட்டுகிறோமே, அதுபோலத்தான். எத்தனை நாள் யார் வீட்டு அடுப்பில் இருந்தாலும், கடைசியில் பேருக்கு உரியவரிடம் வந்துவிடும். அதுவரை கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமைக் குடும்ப ஜெபத்தில் உங்கள் பெயரையும் சேர்த்திருக்கிறேன். ஆண்டவர் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும்.

சகோதரி வெர்லா தார்னாக்


ப்ளூமிங்டன்
அக்டோபர் 1996

அன்புள்ள தம்பி டெலாய்,

குழந்தை பிரினுக்குச் சபையில் ஆசீர்வாதம் முடிந்து மலைப்பாதை வழியாகப் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். இலையெல்லாம் சிவந்து கிடக்கிறது. அடுத்த மாதம் பனி பாதையை மூடிவிட்டால் வசந்தம் வரைக்கும் குழந்தையைப் பார்க்க முடியாதே என்ற கவலை இப்போதே வந்துவிட்டது.

பெண் குழந்தை என்று ஜனீல் போனில் சொன்னபோது அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்து அழுதேன். என் ஒரே மகன் வாரிசில்லாமல் போனான் என்று இந்த ஊர் சொன்னது. இனி சொல்ல முடியாது. மூக்கு அப்படியே உங்கள் மூக்கு என்று உங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் சொன்னார்கள். பச்சைக் குழந்தைக்கு மூக்கு மாறிக்கொண்டேதான் இருக்கும்.

உபவாச ஞாயிற்றுக்கிழமையன்று ஆண்கள் வட்டமாக நின்று குழந்தையைக் கையில் தாங்கும்போது, உங்கள் வலப்பக்கம் ஒரு ஆள் நிற்கும் இடத்தை விட்டுவைக்கச் சொல்லியிருந்தேன். செய்வீர்களோ மாட்டீர்களோ என்று ஒரே பதைப்பு. உங்கள் தம்பி கர்ட் விஷயம் தெரியாமல் ஒட்டி நிற்க வந்தபோது நீங்களே கையால் நகர்த்தி நிறுத்தினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த இடத்தில் ராய்ஸ் வந்து நின்றான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களுக்கும் தோள் உரசியிருக்கும். நல்ல மனசு உங்களுக்கு.

ஒரு சின்னக் குறை. ஜெபத்தில் இரண்டு இடத்தில் "என் மகள்" என்றீர்கள். "இந்தக் குழந்தை" என்று சொல்லியிருக்கலாம். அடுத்த பிள்ளைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மனசில் பட்டதைச் சொல்லிவிடுவது என் சுபாவம். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

ராஸ்பெரி ஜாம் அனுப்பியிருக்கிறேன். பால் கொடுக்கிறவள் நன்றாகச் சாப்பிட வேண்டும்.

பிரினின் பாட்டி வெர்லா


ப்ளூமிங்டன்
நவம்பர் 2004

தம்பி டெலாய்,

உங்கள் கடிதம் கிடைத்தது. இத்தனை வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இப்படியா இருக்க வேண்டும்? இனிமேல் பிள்ளைகளைத் தனியாக என்னிடம் விடமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் தணியட்டும் என்று இரண்டு நாள் கழித்துத்தான் பேனாவை எடுத்தேன்.

ஞானஸ்நானத்தன்று நடந்தது இதுதான். நீங்கள் பிரினைத் தண்ணீரில் முழுக்காட்டி எழுப்பினீர்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரு முடிகூட வெளியே தெரியாமல் முழுகினாள். பிறகு ஈரத் தலையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாண்ட்விச் தின்றாள். அவள் தம்பி டேசனும் தங்கச்சி கேமியும் மேசைக்கடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவளாகத்தான் கேட்டாள்.

"பாட்டி, எல்லாரும் செத்ததுக்கப்புறம் அங்கயும் ஒரே வீட்லதானே இருப்போம்?"

ஆமாம் கண்ணு என்றேன். நீ, அம்மா, தம்பி, தங்கச்சி, நான், ராய்ஸ் அப்பா எல்லாரும் என்றேன். உண்மைதானே.

"அப்ப எங்கப்பா?"

"அவருக்கு வேற எடம் குடுப்பாங்கடா. நல்ல எடமாத்தான் இருக்கும்."

வேறென்ன சொல்ல வேண்டும் என்கிறீர்கள்? எட்டு வயதுப் பிள்ளை, பாவமெல்லாம் கழுவப்பட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அவளிடம் நான் பொய் சொல்ல வேண்டுமா? அவள் ஓடிப்போய் உங்கள் காலைக் கட்டிக்கொண்டு அலறியதும், மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததும் எனக்கு மட்டும் சந்தோஷமா? ஆனால் உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்பார்கள். எரிவது பிள்ளைக்கில்லை, உங்களுக்கு.

நாமெல்லாம் செத்த பிறகு பேரப்பிள்ளைகள் கேட்டுக்கொண்டால் ஜனீலை உங்களுக்கும் முத்திரையிடலாம், மிச்சத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று உங்கள் பிஷப் ஆறுதல் சொன்னாராம். அவருக்குப் பகலெல்லாம் காப்பீடு விற்கிற வேலை. ஆறுதலாகப் பேசத் தெரிந்தவர். ராய்ஸை ஆண்டவர் எங்கே தள்ளி நிறுத்துவார் என்று அவரிடம் கேட்டீர்களா?

கல்லைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ராய்ஸின் கல்லில் கோவில் படமும், அவன் பெயரும், பக்கத்தில் ஜனீல் பெயரும் ஆரம்பத்திலிருந்தே இருக்கின்றன. பின்பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் எந்தக் கல்லைச் சுற்றி வந்தாலும் பின்னால் பிள்ளைகளின் பெயர் வரிசையாக இருக்கும். என் மகன் கல் மட்டும் மொட்டையாக நிற்பதைப் பார்க்கப் பெற்ற வயிறு தாங்கவில்லை. அதனால் பிரின், டேசன், கேமி மூன்று பெயரையும் வெட்டச் சொன்னேன். மே மாதம் பூ வைக்க வந்தபோது ஜனீல் பார்த்தாள். விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். ஒன்றும் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்க மாட்டாளா? என் பெயர் எங்கே என்கிறீர்கள். எங்கே போடுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

ராய்ஸின் முத்திரையை நீக்கச் சொல்லி சால்ட் லேக்கில் இருக்கும் சபைத் தலைமைக்கு மனுப் போடப் போவதாக மிரட்டுகிறீர்கள். அதில் கையெழுத்துப் போட வேண்டியது நீங்களில்லை, ஜனீல். முதலில் அவளைக் கேளுங்கள்.

பிரினுக்குக் கம்பளிக் கையுறை பின்னி அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் அதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

வெர்லா


ப்ளூமிங்டன்
ஏப்ரல் 2009

அன்புள்ள டெலாய்,

ஆண்டவர் உங்களைத் தேற்றட்டும். ஜனீல் போய்விட்டாள் என்று கர்ட் போனில் சொன்னான். அவள் என் மருமகள் மட்டுமில்லை, எனக்கு இருந்த ஒரே பெண் துணை. நேற்றிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை. தபாலுக்கு நேரமில்லாததால் என் அக்கா மகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த நோயில் அவளை நீங்கள் பார்த்துக்கொண்டதை ஊரே பேசுகிறது. குளிப்பாட்டினீர்கள், ஊட்டினீர்கள், முடியெல்லாம் கொட்டியபோது உங்கள் தலையையும் மழித்துக்கொண்டீர்கள். பெற்றவள்கூட அப்படிச் செய்திருக்க மாட்டாள். அதற்கெல்லாம் மேலே உங்களுக்குப் பலன் உண்டு. ஆனால் பார்த்துக்கொண்டதற்காக ஆளையே எடுத்துக்கொள்ள முடியாது, தம்பி. லோகன் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பேருக்கு இடம் வாங்கிவிட்டீர்களாமே. யாரைக் கேட்டு வாங்கினீர்கள்?

அந்த மனு என்ன ஆயிற்று என்று நினைத்துப் பாருங்கள். எத்தனை முறை அவள் முன்னால் வைத்தீர்கள்? ஒவ்வொரு முறையும் "அப்பறம் பாத்துக்கலாங்க" என்றாள் என்று கோபத்தில் நீங்களே போனில் என்னிடம் கத்தினீர்கள். கையெழுத்துப் போட ஒரு நிமிடம் ஆகுமா? ஏன் போடவில்லை?

நான் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் வந்திருந்தபோது, ஓய்வுநாளில் கடைக்குப் போகக் கூடாதென்று தெரிந்தும், அவள் உதடு காய்கிறது என்று ஐஸ் வாங்கப் போனீர்கள். பிள்ளைகள் சபைக்குப் போயிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். நீ எங்கேயம்மா படுத்துக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"ராய்ஸ் பக்கத்துல வச்சிருங்க அத்தை. இவர்கிட்ட சொல்லிராதீங்க. பாவம், தாங்க மாட்டார்."

இதுதான் அவள் சொன்னது. நீங்கள் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் இது என்னோடு போயிருக்கும். சொல்ல வைத்தது நீங்கள்தான்.

அவளை எனக்குக் கொடுத்துவிடுங்கள். பனி உருகி மண் இளகியிருக்கிறது. அந்த இடம் அவளுக்காகவே இத்தனை வருடமாகக் காத்துக் கிடக்கிறது. முடியாது என்பதானால் உங்கள் வாயால் சொல்ல வேண்டாம். பிரினை விட்டுப் போனில் சொல்லச் சொல்லுங்கள். அவள் சொன்னால் தாங்கிக்கொள்வேன்.

பிள்ளைகளையும் கோடையில் என்னிடம் அனுப்புங்கள். பழையதை மனசில் வைக்காதீர்கள். அவர்களை விட்டால் இந்த வீட்டு வாசலில் வந்து பாட்டி என்று கூப்பிட எனக்கு யாருமில்லை. உங்கள் காலில் விழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வெர்லா


லோகன், யூட்டா
அன்றே

சகோதரி தார்னாக் அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் சமையலறையில் காத்திருக்கிறார். அவரிடமே இதைக் கொடுக்கிறேன். உங்களைப்போல எனக்கு எழுத வராது.

ஜனீல் அப்படிச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அவள் தண்ணீர் என்றுகூடக் கேட்கவில்லை. கடையில் வரிசை நீளமாக இருந்தது. நான் இல்லாத நேரத்தில் பேசியிருக்கலாம். மனுவில் அவள் கையெழுத்துப் போடவில்லை என்பதும் உண்மை. நீங்கள் சொல்வது பொய் என்று நிச்சயமாகத் தெரிந்தால் இங்கேயே வைத்திருப்பேன். தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. கடைசியாக அவள் கேட்டது அதுவாக இருந்து, நான் மறுத்துவிட்டேன் என்று ஆகிவிடக் கூடாது. சனிக்கிழமை காலையில் கொண்டுவருகிறேன். நானும் கர்ட்டும் எங்கள் அண்ணன்மாரும் வருவோம்.

கல்லின் பின்னால் இருக்கும் மூன்று பெயரையும் அதற்குள் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பெட்டியை இறக்குவதற்கு முன்னால் நான் போய்ப் பார்ப்பேன். ஒரு எழுத்து மிச்சமிருந்தாலும் வண்டியைத் திருப்பிவிடுவேன்.

பிள்ளைகள் வரமாட்டார்கள். அம்மாவுக்கு அவர்கள் விடை கொடுப்பது இங்கேதான். அதற்குப் பிறகும் உங்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள். போனிலும் பேசமாட்டார்கள். கல்லறையைப் பார்க்க வேண்டுமானால் நானே கூட்டி வந்து, பார்த்துவிட்டு, உங்கள் தெருப் பக்கம் திரும்பாமல் கூட்டிப் போவேன்.

சின்னவர்கள் இரண்டு பேருக்கும் இந்த முடிவை இன்னும் சொல்லவில்லை. பிரினிடம் உங்கள் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாதோ என்னவோ. பன்னிரண்டு வயதுதான் ஆகிறது. முழுவதும் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். பாட்டி தனியாக இருப்பாரே, உனக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

"அவங்களுக்கு என்னப்பா? செத்தப்பறம் நாங்க எல்லாரும் அவங்க கூடத்தானே இருக்கப் போறோம்? அது வரைக்கும் காத்திருக்கட்டும்."

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்கு உடம்பில் ஒரு நோயுமில்லை, இன்னும் நன்றாகக் காது கேட்கிறது என்று உங்கள் அக்கா மகன் சொன்னார். ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

டெலாய் ஹாட்ச்