செவலைக்குக் கொடி விழவில்லை

8-2-1994

அறிவொளி வகுப்பு டீச்சர் தினமும் நாலு வரி எழுதிப் பழகச் சொன்னாள். இன்று எழுத விஷயம் இருக்கிறது. விடியக்காலையில் செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டது. மகன் செத்துப் போன பிறகு, அதன் பாலைப் பால்கோவாக் கடைக்கு ஊற்றித்தான் மருமகள் கருத்தம்மாவுக்கும் எனக்கும் கஞ்சி.

கன்று சுகம். பொழுது சாய்ந்தும் நஞ்சுக்கொடி விழவில்லை. வாலுக்குக் கீழே தொங்குகிறது.

"மாட்டாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன் மாமா."

"எதுக்கு? ஊருக்கெல்லாம் தெரிஞ்சு கண்ணு படவா?"

என் அய்யா காலத்து மயிலைப் பசு, அதன் மகள் புல்லை, கூமாப்பட்டியில் பிடித்து வந்த காரி — எது எப்படிக் கொடி போட்டது என்று எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. விழாவிட்டால் கல்லைக் கட்டிவிடுவோம். கனத்துக்கு இறங்கிவிடும்.

கட்டினேன்.

9-2-1994

காலையில் ஒன்றும் தொங்கவில்லை. கல் கீழே கிடந்தது. பக்கத்து வீட்டு ராக்கப்பனின் நாய் கொடியைக் கவ்விக்கொண்டு ஓடியது. விரட்டிப் பிடுங்கினேன். வைக்கோலில் பொதிந்து கண்மாய்க்கரை ஆலமரத்தில் கட்டினேன், பால் பெருகட்டும் என்று.

கருத்தம்மா பொதியைப் பார்த்தாள். "கொஞ்சமாத்தான இருக்கு மாமா?"

"ஏட்டி, நாய் தின்னது போக மிச்சம் அம்புட்டுத்தான்."

11-2-1994

தீனி எடுக்கவில்லை. பின்னால் ஒரு வாடை.

12-2-1994

என்னைக் கேட்காமலே டாக்டரைக் கூட்டி வந்துவிட்டாள். உறை போட்டுக் கையை விட்டுப் பார்த்தார்.

"கல்லைக் கட்டுனது யாரு?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராக்கப்பன்தான் சொன்னான்: "எங்க சின்னையாதான் சார். ஒங்களுக்கு முந்தி இங்க இவுகதான் டாக்டரு!"

டாக்டர் சிரிக்கவில்லை. "பெரியவரே, கொடி அறுந்து பாதிக்கு மேல உள்ள நின்னு அழுகிருச்சு. தொங்குனதத் தொடாம விட்டுட்டு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். இப்ப இழுத்தா கருப்பை கிழிஞ்சிரும்."

ஊசி போட்டார். காய்ச்சல் இறங்கினால்தான் பிழைக்கும் என்றார்.

கருத்தம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

13-2-1994

இறங்கவில்லை. காது மட்டும் சில்லென்று கிடக்கிறது.

15-2-1994

போயிருச்சு.

அவள் அழவில்லை. கன்றைப் பிடித்துக்கொண்டு போய் அங்காளம்மாள் வீட்டுப் பசுவிடம் ஊட்டவிட்டு வந்தாள்.

எனக்குத் தூக்கம் வரல. அந்தக் கூமாப்பட்டிக் காரி — அதுக்கும் கல்லு கட்டித்தான் விழுந்தது. அந்த வாரமே செத்தது. பாம்பு கொத்திருச்சுன்னு சொல்லிப் புதைச்சோம்.

பாம்பை யார் பார்த்தது?

18-4-1994

கருத்தம்மாவுக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் மில்லில் வேலை. காலை பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ராக்கப்பன் ஓடி வந்தான்.

"சின்னையா, எம் பசு கன்னு போட்டு நேரமாச்சு, கொடி விழல. செத்த வந்து பாருங்களேன்."

நான் எழுந்திருக்கும் முன்னே அவள் சொன்னாள்: "மாமா வரமாட்டாக. நீ ஒண்ணும் கட்டாத, இழுக்காத. போற வழியில டாக்டர்ட்டச் சொல்லிட்டுப் போறேன்."

ராக்கப்பன் என்னைப் பார்த்தான். நான் கன்றுக்குத் தவிட்டுத் தண்ணி கலக்கிக்கொண்டிருந்தேன்.