நீ மாற்றி எழுதாத வயது

என் விசாலக்கா,

நேற்று நம் பள்ளிக்கூடத்தில் உன் படத்தைத் திறந்துவைத்தார்கள். நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டதல்லவா, அதற்காகத்தான். ரோஜா மாலை, குத்துவிளக்கு, மைக் செட் என்று ஒன்றுக்கும் குறைவில்லை. பள்ளிக்குச் சொந்தக்காரரான நம் மானேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார்: "விசாலம் டீச்சர் எனக்குக் கூடப்பிறந்த சேச்சி மாதிரியாக்கும்." சேச்சியாம்! அக்காவாம்!

படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'முன்னாள் ஆசிரியை'. அவ்வளவுதான். அந்தப் பள்ளியில் ஹெட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நீ. ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தாய். மட்டாஞ்சேரியின் சுக்குக் கிடங்கு ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி, முறத்தோடு உட்கார்ந்திருந்த நம் தமிழ்ப் பெண்பிள்ளைகளைக் கையைப் பிடித்து வகுப்புக்குக் கூட்டிவந்தாய். மூட்டை தூக்கும் அப்பன்மார்கள் ஏசினார்கள். மறுநாளும் போனாய்.

மல்லிகாவும் அப்படி வந்தவள்தானே? எழுபதுகளின் கடைசியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா வேலை பார்த்ததே மானேஜருடைய கிடங்கில். அங்கே மேஸ்திரியாக இருந்தவனின் தம்பிக்கு அவளைப் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளைக்குக் களமசேரியில் ஃபாக்டரி வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்க வேண்டுமென்றால் கல்யாணத்தைப் பதிவு செய்த காகிதம் வேண்டும், அதற்குப் பெண்ணின் வயதுக்குச் சான்று வேண்டும். அதைத் தரவேண்டியவள் நீ.

மானேஜர் நேரில் வந்தார். பக்கத்து அறையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"டீச்சரே, ஒரு நம்பர் மாத்தி எழுதினாத் தீர்ந்துது. பெண்ணு நல்லா இருக்கட்டே."

"பதினாலு வயசுப் பிள்ளையைப் பதினெட்டுன்னு எழுத மாட்டேன் சார்."

"அப்போ அந்தக் கசேரையிலே எழுதற ஆளை இருத்திக்கறேன்."

"இருத்திக்கோங்கோ. அது வரைக்கும் இந்த நாற்காலியிலே நான்தான் இருப்பேன்."

உன் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை.

ஒரு வாரத்தில் புகார் தயாரானது. ஹெட்மிஸ்ட்ரஸ் பெற்றோரை அவமதிக்கிறார், நிர்வாகத்துக்கு அடங்குவதில்லை என்று. பதினொரு ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அதில் நானும் ஒருத்தி. அப்போது என் வேலை நிரந்தரமாகவில்லை. இது ஒரு காரணமா? காரணமே இல்லை. பயந்தேன், போட்டேன்.

உன்னை சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணையில் அந்தப் புகாரை உன் முன்னால் வைத்தார்கள். அன்று நீ வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாய். நான் அடுப்புப் பக்கமே திரும்பி நின்றேன்.

"உன் கையெழுத்து இன்னும் வலது பக்கம் சாஞ்சுதான் இருக்குடி" என்றாய். பிறகு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாய்.

ஏன் அக்கா? ஏன் என்னைத் திட்டவில்லை? பளாரென்று ஓர் அறை விட்டிருந்தால் என்னால் அழவாவது முடிந்திருக்கும். கடைசி வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, தெரிந்துகொள்.

விசாரணையில் ஒரு குற்றமும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் உன்னைச் சாதாரண டீச்சராக்கித்தான் திரும்ப எடுத்தார்கள். உனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவர் உன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஓய்வு பெறும் வரை ஆறு வருஷம், காலையில் அவர் மேஜையில் குனிந்து வருகைப் பதிவேட்டில் எழுதினாய். அந்தக் குனிதலை நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன்.

விசாரணை நடந்துகொண்டிருந்ததால் உன் இடத்துக்கு வந்தவரும் அந்த நம்பரை மாற்றப் பயந்தார். காகிதம் கிடைக்காததால் அந்தக் கல்யாணம் நின்றுபோனது. மல்லிகா பத்தாவது எழுதினாள். இப்போது எறணாகுளத்தில் நர்ஸ். நேற்று வந்திருந்தாள். படத்தைப் பார்த்தவள் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்: "டீச்சர் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆச்சே? ஏன் அதைப் போடலை?"

"அதெல்லாம் பழைய காரியமாக்கும், மோளே" என்று சிரித்தார் மானேஜர்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் மைக்கைப் பிடுங்கினேன். "விசாலம் டீச்சர் மேலே கொடுத்த புகார் பொய். அதிலே மூணாவது கையெழுத்து என்னோடது" என்றேன். யாரோ மைக்கை அணைத்தார்கள். அணைத்தால் என்ன, முப்பது வருஷம் வகுப்பெடுத்த தொண்டை இல்லையா? கத்தினேன். எதற்காக அந்தப் புகார், எந்தச் சான்றிதழுக்காக என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாரதா டீச்சர், போதும், உட்காருங்கோ" என்றார்கள். நான் உட்காரவில்லை. நம்மோடு கணக்குப் பாடம் எடுத்த ரோசி டீச்சர் பின்வரிசையில் எழுந்து, "நான் போட்டதும் பொய்தான்" என்றாள். மானேஜர் காரில் ஏறிப் போய்விட்டார்.

இன்று ரோசியும் நானும் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டோம். உன் பதவியை ரெக்கார்டில் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். திங்கட்கிழமை முதல் படகில் எறணாகுளம் போய்க் கல்வி ஆபீசில் கொடுக்கப்போகிறோம். வாங்க மறுத்தால் வாங்கும் வரை போவேன். என் பென்ஷனில் கைவைப்பார்கள் என்கிறார்கள், வைக்கட்டும்.

சமாதானமாகப் போகச் சொல்லிக் காலையிலிருந்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். என் கோபம் ஆறட்டும் என்று காத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ஆறவிட மாட்டேன் அக்கா. ஆறினால் நான் மறுபடியும் அந்தப் பயந்தவளாகிவிடுவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சாரதா