குதிரையின் பின்பாதி

என் முன்னங்கால்களுக்கு,

ஆலங்குளத்தில் உன் அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா? இங்கே சாரல் விடவில்லை.

நேற்று குற்றாலத்தில் நம் சர்க்கஸ் நிகழ்ச்சியை நடத்திவிட்டோம். இருவர் நுழையும் குதிரை உடுப்பில் நான் மட்டும். தலைப்பக்கம் நுழைந்திருந்தால் வழியாவது தெரிந்திருக்கும். ஆறு வருடப் பழக்கம், பின்பாதிக்குள் போய்க் குனிந்துவிட்டேன். முன்பாதி வெறும் துணியாகத் தரையில் கிடந்தது.

“ஏலே, குதிர நவுராம நிக்குது!” என்று யாரோ கத்தினார்கள். பிறகு கூட்டமே அமைதியாகிவிட்டது. கடைசியில் ஒரே கைதட்டல். நம் குழுவின் சுடலைமணி அண்ணாச்சி என்னைக் கட்டிக்கொண்டார். “தனிமய என்னமா காட்டிட்ட லே!”

எனக்கு எரிச்சலாக வந்தது. நான் எதையும் காட்டவில்லை. உள்ளே இருட்டில், “ம், நட” என்று நீ சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் குனிந்தபடி,
பின்னங்கால்கள்