வால்வைத் திறந்து வைத்த மனுஷன்

ஜனவரி 14

காலையிலிருந்து வெர்னன் பாடம் எடுக்கிறான். முகாமில் புதிதாக வந்து கேரவனை நிறுத்திய தம்பதிக்கு. கேரவனை எப்படிப் பின்னால் எடுப்பது, தண்ணீர்க் குழாயை எப்படி மாட்டுவது, சாக்கடைக் குழாயை எந்தச் சரிவில் வைப்பது. அவர்கள் கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. மிச்சிகனில் பனி அள்ளிய காலத்தில் என் புருஷனுக்கு இவ்வளவு வாய் கிடையாது. ஃப்ளோரிடா வெயில் பட்டதும் முளைத்துவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் குதிரைகள். ஒவ்வொன்றுக்கும் தனி அறை, மின்விசிறி, குளிர் அடித்தால் போர்வை. இந்தப் பக்கம் நாங்கள், கட்டிலும் அடுப்பும் கக்கூஸும் ஒரே வண்டிக்குள். அவன் பல் தேய்க்க நின்றால் நான் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 17

சாப்பிடும்போது மறுபடி ஆரம்பித்தான். “வீட்டை வித்துடலாம் கிளெண்டா. இனிமே இதுதான் வீடு. தரகர் ஆள் கூடப் பாத்துட்டார்.”

மிச்சிகன் வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் ஒரு ஜன்னலைக் கூட விற்க முடியாது. குளிர்காலம் முடியட்டும், சொல்கிறேன் என்றேன். பதில் எனக்கு இப்போதே தெரியும். மாட்டேன். இப்போது சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். இந்த நீள டப்பாவுக்குள் அந்த மூஞ்சியை எங்கே வைப்பது?

எனக்கு என் வீடு வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு அழ ஓர் அறை வேண்டும். அழுகை வருகிறதோ இல்லையோ, அறை வேண்டும்.

ஜனவரி 23

முகாமுக்குப் பக்கத்து ஊற்றில் இறங்கினேன். ஊரெல்லாம் ஸ்வெட்டர் போட்டிருக்கிறது, தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பு. கழுத்தளவில் நின்றாலும் கால் நகம் தெரிகிறது. வெட்ட வேண்டும்.

பிப்ரவரி 2

உள்ளே ஒரு நாற்றம். “குதிரை” என்கிறான் வெர்னன். குதிரை வாய் திறந்து மறுக்கவா போகிறது.

பிப்ரவரி 4

குதிரை இல்லை.

பக்கத்து இடத்து லூசீல் வந்தாள். கனடாவிலிருந்து வந்த கியூபெக்காரி, தனி ஆள், ஒரு நாய். எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டாள். “கிளெண்டா, என் நாய் செத்த எலிமேல படுத்துப் புரளும். அதுவே உங்க பக்கம் வரமாட்டேங்குது” என்றாள். வெர்னன் கேட்டும் கேட்காத மாதிரி கொடியில் துண்டு காயப் போட்டான். காய்ந்த துண்டு அது.

பிப்ரவரி 5

முகாமைப் பார்த்துக்கொள்கிற டாய்ல் வந்தான். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். தொப்பியைக் கழற்றினான் — சாவு வீட்டில் கழற்றுகிற மாதிரி.

“சார், கக்கூஸ் தொட்டி வால்வை மூடித்தானே வச்சிருந்தீங்க?”

வெர்னன் சாக்கடைக் குழாயைக் காலால் நேராக்கினான்.

“வந்த நாள்லேருந்து திறந்தா இருக்கு?”

தொட்டி நிறையும் வரை வால்வு மூடியிருக்க வேண்டும். நிறைந்ததும் திறந்தால் எல்லாம் ஒரே பாய்ச்சலாகச் சாக்கடைக்குள் போய்விடும். திறந்தே வைத்தால் தண்ணீர் ஓடிவிடும், மற்றது உட்கார்ந்துவிடும். எங்களுடையது டிசம்பரிலிருந்து உட்கார்ந்திருக்கிறது. மலையாக. காய்ந்து.

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய்! சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். காது வரை சிவந்திருந்தான், பாவி.

பிப்ரவரி 6

உறிஞ்சும் லாரி வந்தது. தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போனது. மலை அசையவில்லை.

முகாம் முழுக்க வைத்தியர்கள். ஒருவர் பாத்திர சோப்பு என்றார், ஒருவர் துணிக்குப் போடுகிற வாசனைத் திரவம் என்றார். லூசீல் சொன்னதைத்தான் டாய்லும் ஒப்புக்கொண்டான்: தொட்டியில் பாதிக்குத் தண்ணீர், மேலே மூட்டை மூட்டையாக ஐஸ், வால்வை மூடிவிட்டு மேடு பள்ளத்தில் வண்டியை ஓட்டு. ஐஸ் உருண்டு உருண்டு இடித்துக் கரைக்குமாம். “நல்லா குலுக்கணும்” என்றாள். “கோபத்துல ஓட்டுங்க.”

ஐஸ் மூட்டையைத் தூக்கி வந்த வெர்னன் படியில் சறுக்கி வலது கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான். பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. பெடலை மிதிக்க முடியாது.

“டாய்ல் ஓட்டட்டும்” என்றான்.

“டாய்லுக்கு வேற வேலை இல்லையா? நம்ம மலை, நாமதான் சுமக்கணும்.”

“உனக்கு இதை ஓட்டத் தெரியாதே.”

நீ எங்கே ஓட்ட விட்டாய்?

பிப்ரவரி 7

ஓட்டினேன்.

பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். வண்டி ஒரு பஸ் நீளம். முகாம் வாசலில் குப்பைத் தொட்டி ஒன்றைச் சாய்த்தேன். லூசீல் கை தட்டினாள். பிறகு பண்ணைச் சாலை. இரண்டு பக்கமும் வேலி, ஓக் மரங்கள், புல்வெளி. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் கடகடவென்று சத்தம். வெர்னன் காலைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணினான். பேத்தி ஞானஸ்நானத்துக்கே வர மாட்டேன் என்று அடம்பிடித்த ஆள்.

ஒரு குட்டிக்குதிரை வேலியை ஒட்டிக் கூடவே ஓடி வந்தது. நான் வேகத்தைக் கூட்டினேன். அதுவும் கூட்டியது.

“போதும் கிளெண்டா. கரைஞ்சிருக்கும். திரும்பு.”

“இன்னும் கரையல.”

கரைந்திருக்கும். எனக்குத்தான் திரும்ப மனசில்லை. அடுத்த ஊர் தாண்டிப் போனேன். அதற்கடுத்த ஊருக்கும் போனேன். வண்டிக்குள் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது, நான் வாய்க்குள் பாடிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று? யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

பிப்ரவரி 8

வால்வைத் திறந்தோம். போயிற்று. எல்லாம் போயிற்று. வர்ணிக்க மாட்டேன்.

பிப்ரவரி 11

ஆள் சரியில்லை. வெளியே தலை காட்டுவதில்லை. முகாமில் அவனை “மலை வெர்னன்” என்கிறார்கள். புதுத் தம்பதி அவனைப் பார்த்தால் இருமுகிறார்கள்.

இன்றைக்கு என் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “வீட்டுக்கே போயிடலாம். விக்க வேண்டாம். நீ ஜெயிச்சுட்டே.”

ஜெயித்துவிட்டேன். அப்படியானால் சந்தோஷம் எங்கே?

பிப்ரவரி 12

தூங்கவில்லை.

பிப்ரவரி 19

ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டில் எனக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லை. அறை இருக்கிறது, கதவு இருக்கிறது. ஆனால் அங்கே திரும்பினால் கார் சாவி ஆணியில் அவன் பக்கம் தொங்கும். நான் மடியில் பையை வைத்துக்கொண்டு, ஓட்டுகிற அவனுக்குப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வேன். யாரும் என்னை அப்படி உட்காரச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல். நானேதான் ஏறிக்கொண்டேன், கல்யாணமான நாளிலிருந்து.

பிப்ரவரி 20

வெர்னனிடம் சொன்னேன். “வித்துடு.”

தின்றுகொண்டிருந்த முட்டையை அப்படியே வைத்துவிட்டான். “கிண்டல் பண்றியா?”

“இல்ல. வித்துடு. ஆனா வண்டி நான் ஓட்டுவேன்.”

“பாதி தூரம் நீ, பாதி நான்.”

“கால் சரியாகட்டும், பாக்கலாம்.”

கால் சரியாகிவிட்டது. நேற்று அவன் லூசீலின் நாயைத் துரத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 22

வீட்டை விற்கிற பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாச்சு. தபாலில் சேர்த்துவிட்டு வந்து கேரவன் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நிற்கத்தான் இடம், முழங்கை இரண்டு பக்கமும் இடிக்கிறது. அழ அது போதுமானதாக இருந்தது. அந்த வீட்டுச் சமையலறை ஜன்னல் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இருக்கட்டும்.

வெர்னன் வெளியிலிருந்து, “கிளெண்டா, வால்வு மூடியிருக்கு, தைரியமா இரு” என்றான். அழுதுகொண்டே சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 30

கிளம்பிவிட்டோம். மேற்கே. வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தியிருக்கிறேன், ஸ்டியரிங் மேல் வைத்து இதை எழுதுகிறேன்.

காலையிலிருந்து பக்கத்தில் ஒரே புலம்பல். “மெதுவாப் போ. அந்த லாரியைப் பாரு. பிரேக், பிரேக்.” காலம் பூரா நான் அவனிடம் சொல்லிக்கொண்டு வந்த வார்த்தைகள். கேட்க இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.